வசனத்தை யாரும் வெட்டவில்லை, மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட சபைகளில் போதகராக இருப்பவன் என்ற முறையில், இனியும் இதை எழுதாமல் இருப்பது தவறு என்று நினைக்கிறேன். அண்மையில் ஒரு வீட்டில், வலிப்பு நோயுள்ள சிறுவனின் மாத்திரைகளை நிறுத்திவிட்டு, அவனையும் உட்காரவைத்து உபவாசமும் முழு இரவு ஜெபமும் நடத்தியிருக்கிறார்கள். வலிப்பு விடாமல் தொடரவே, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்படிப்பட்ட வீட்டை நான் காண்பது இது முதல்முறையன்று.

அவர்கள் பிடித்துக்கொண்டது மத்தேயு 17:21. சீஷர்களால் குணமாக்க முடியாத ஒரு பிள்ளையை, அவன் தகப்பன் கொண்டுவர, இயேசு குணமாக்கினார்; அப்போது அவர் சொன்னதாக வரும், இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றிப் போகாது என்ற வசனம். பாட்டியின் மலையாள சத்தியவேதபுஸ்தகம், தாயின் பழைய தமிழ் வேதாகமம், மகளின் கைப்பேசியிலிருந்த புதிய மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் மேசைமேல் விரித்துவைத்து, புதியதில் 20க்குப் பிறகு 22 வருவதை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார்கள். பிசாசை விரட்டும் வசனத்தைச் சதிசெய்து நீக்கிவிட்டார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியே அவர்களுக்கு ஆதாரம்.

இதைவிடத் தவறான செய்தி வேறில்லை. வசன எண்களை அப்போஸ்தலர் இடவில்லை. புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் பயன்படுத்தும் எண்களை 1551இல், பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த அச்சகத்தாரான ராபர்ட் எஸ்தியேன் தம் கிரேக்கப் பதிப்பில் இட்டார். அவர் கையிலிருந்த கிரேக்க பாடம், 1516இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் வெகுசில பிற்காலக் கையெழுத்துப் படிகளைக்கொண்டு அச்சிட்டதன் வழிவந்தது. அதில் அந்த வசனம் இருந்ததால் அதற்கும் ஓர் எண் கிடைத்தது. 1871இல் வெளிவந்த நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அந்த மரபையே பின்பற்றியது. ஆனால் அவற்றைவிட மிகப் பழைய, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் படியிலும், சீனாய் மலை மடத்திலிருந்து கிடைத்த படியில் பின்னர் திருத்தியவர்கள் கைவைக்கும் முன் எழுதப்பட்டிருந்ததிலும் மத்தேயு 17:21 இல்லை. அதே நிகழ்வைச் சொல்லும் மாற்கு 9:29இல், இந்தப் பழைய படிகளின்படி, ஜெபம் உண்டு, உபவாசம் இல்லை. உபவாசத்தைப் பெரிதாகப் போற்றிய காலத்தில் படியெடுத்தவர்கள் அதை மாற்குவில் சேர்த்திருக்க வேண்டும், மாற்குவின் அந்த வரி பின்னர் மத்தேயுவுக்குள்ளும் வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மறைக்க நினைத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர்கள் எண்களை மாற்றி இடைவெளியே தெரியாமல் செய்திருப்பார்கள். அவர்களோ எண்ணைக் காலியாக விட்டு, அடிக்குறிப்பில் காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள். வேறு சில பதிப்புகளில் அந்த வசனம் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. உபவாசத்தைப் பற்றிய போதனையும் எங்கும் போய்விடவில்லை. மத்தேயு 6:16-18, அப்போஸ்தலர் 13:2-3 ஆகிய பகுதிகள் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் உள்ளன. அடிக்குறிப்பை வாசிக்காமல் மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவது ஒப்பிடுதலே ஆகாது.

அந்த வசனம் மூலத்தில் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது யாரிடம் சொல்லப்பட்டது? பிள்ளையைக் குணமாக்க முடியாமல் போன சீஷர்களிடம், தனிமையில். பிள்ளையைப் பட்டினி போடு என்று தகப்பனிடம் சொல்லப்படவில்லை. மாற்கு 9:23இன்படி அவரிடம் கேட்கப்பட்டது விசுவாசம் மட்டுமே. அந்த நிகழ்வில் யாரும் யாருடைய மருந்தையும் நிறுத்தவில்லை. பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதே என்று இதே மத்தேயு 9:12 சொல்கிறது. பவுலோடிருந்த லூக்கா வைத்தியர் என்பதைக் கொலோசெயர் 4:14 சொல்கிறது. இவையும் வசனங்கள்தாம்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்கம் கெட்டாலும் வலிப்பு தூண்டப்படும். ஆகவே நோயுள்ள பிள்ளையை முழு இரவு ஜெபத்தில் உட்காரவைக்காதீர்கள். உபவாசம் இருக்க விரும்புகிற பெரியவர்கள் இருங்கள். பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டு ஜெபியுங்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. எந்த ஊழியக்காரருக்கும் அந்த உரிமை இல்லை, எனக்கும் இல்லை. மருந்தை விடு என்று மேடையில் சொல்கிறவர் யாராயிருந்தாலும், பிள்ளையை அழைத்துக்கொண்டு அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வசனம் காணாமற்போனதாகச் செய்தி வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அந்தப் பக்கத்தின் அடிக்குறிப்பை வாசியுங்கள், புரியாவிட்டால் உங்கள் போதகரிடம் கேளுங்கள். தயவுசெய்து, மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பே கேளுங்கள்.