விருப்ப வரிசை வாக்கு: சொல்லும் பொருளும்

அமெரிக்கத் தேர்தல் செய்தி வந்தால் நம் நாளிதழ்களில் ‘தரவரிசை வாக்கு’ தலைகாட்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் அது ‘முன்னுரிமை வாக்கு’ ஆகிவிடும். கடல் தாண்டி, செட்டியார் தெரு இருக்கும் கொழும்பில் அதற்கு ‘விருப்பு வாக்கு’ என்று பெயர். மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஆனால் மூன்றிலும் ஒவ்வொரு கோளாறு இருக்கிறது, அந்தக் கோளாறு சீட்டிலும் எண்ணிக்கையிலும் வந்து நிற்கும்.

முதலில் முறையைப் பார்ப்போம். ஒரு பெயருக்கு எதிரே முத்திரை குத்துவதற்குப் பதில், பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் போட வேண்டும். 1-களை மட்டும் எண்ணிச் சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரிப்பார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால் கடைசியில் இருப்பவர் நீக்கப்படுவார். அவர் கட்டில் உள்ள சீட்டுகளில் மட்டும் 2 யாருக்கு என்று பார்த்து அந்தந்தக் கட்டில் சேர்ப்பார்கள். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இதையே திரும்பச் செய்வார்கள்.

தரவரிசை என்றதும் நமக்கு நினைவு வருவது பொறியியல் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியல். தரம் மதிப்பெண்ணால் வருவது, இருவருக்கு ஒரே மதிப்பெண் இருக்கலாம். அந்த நினைப்போடு சீட்டைக் கையில் எடுப்பவர், ‘இரண்டு பேரும் எனக்கு ஒன்றுதான்’ என்று இரண்டு 1 போட்டுவிடுவார். சீட்டு செல்லாது. முன்னுரிமை வேறு மாதிரிச் சிக்கல். ‘முதியோருக்கு முன்னுரிமை’ என்றால் உரிமை பெறுகிறவருடையது. இங்கோ வரிசைப்படுத்துவது வாக்காளர், வேட்பாளருக்கு ஓர் உரிமையும் கூடுவதில்லை.

‘விருப்பு வாக்கு’ கிட்டத்தட்டச் சரியான சொல். ஆனால் இலங்கையில் அதற்கு இரண்டு பொருள். நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்துவிட்டு, அதே கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை குறிப்பதும் விருப்பு வாக்குதான். அங்கே வரிசை கிடையாது, மூன்றும் சம எடை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதுவதோ வரிசை. தமிழ்நாட்டிலும் ‘விருப்ப’ என்பதைத் தனியே விட்டால் விருப்பப் பாடம், விருப்ப ஓய்வு மாதிரி ‘வேண்டுமானால் போடலாம்’ என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வரிசை என்ற சொல் நடுவில் இருந்தே ஆக வேண்டும்: விருப்ப வரிசை வாக்கு.

வரிசை பழைய சொல். செட்டிநாட்டில் சீர்வரிசை என்றால் பொருளோடு மரியாதையும் சேர்ந்தது. புறநானூற்றில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் பேசும் ‘வரிசை அறிதல்’, வருகிறவர் ஒவ்வொருவரின் தகுதியையும் அறிந்து கொடுப்பது. யாருக்குப் பிறகு யார் என்று நிறுத்திப் பார்க்கும் வேலை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘வாக்கு’ வடமொழி வழி வந்தது, பேச்சு என்பது அதன் பொருள். ‘ஓட்டு’ ஆங்கிலத்திலிருந்து வந்தது, அதன் லத்தீன் மூலத்துக்கு நேர்த்திக்கடன் என்று பொருள். வாக்குக் கொடுப்பதும் நேர்ந்துகொள்வதும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்.

இதன் தம்பி முறையைச் செய்தித்தாள்கள் ‘ஒற்றை மாற்று வாக்கு’ என்று எழுதுகின்றன. அரசியலமைப்பின் 55-ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 80-ஆம் பிரிவு மாநிலங்களவைக்கும் விதித்திருப்பது இதைத்தான். இங்கே ‘மாற்று’ என்பது வேறொன்று என்ற பொருளில் வரவில்லை, கட்டு மாறுவதைச் சொல்கிறது. அதற்காகக் ‘கைமாற்று வாக்கு’ என்று வைத்துவிடவும் முடியாது. காரைக்குடிப் பக்கம் கைமாற்று என்றால் பத்திரமில்லாத கடன்!

இன்னொரு குழப்பம் ‘பெரும்பான்மை’. பாதிக்கு மேல் வாங்குவதுதான் பெரும்பான்மை. இருப்பவர்களில் அதிகம் வாங்குவது முந்துவது மட்டுமே. நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்கள் ‘முந்தியவர் வெல்லும் முறை’. 2009-இல் சிவகங்கை மக்களவைத் தொகுதி 3,354 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. வென்றவருக்கும் அடுத்தவருக்கும் பாதி கிடைக்கவில்லை. செய்திகள் ‘பெரும்பான்மை வாக்கில் வெற்றி’ என்றே எழுதும்.

ஓர் ஊரில் 100 புள்ளி என்று வைத்துக்கொள்வோம் (நகரத்தார் கணக்கில் மணமான ஆண் குடும்பத்தோடு ஒரு புள்ளி). பொதுப்பணத்தில் எதைச் செய்வது என்பது கேள்வி. கோயில் மண்டபத்துக்கு 40, ஊரணி தூர்வார 35, ஊரணிப் படித்துறைக்கு 25. முந்தியது வெல்லும் என்றால் மண்டபம். ஆனால் 60 புள்ளி ஊரணி வேலை கேட்டவர்கள், இரண்டாகப் பிரிந்ததால் தோற்றார்கள். விருப்ப வரிசையில் படித்துறை நீங்கும். அந்த 25 சீட்டில் 18 தூர்வாரலுக்கு, 5 மண்டபத்துக்குப் போகின்றன, 2 சீட்டில் அடுத்த எண்ணே இல்லை. தூர்வாரல் 53, மண்டபம் 45. அந்த இரண்டும் தீர்ந்த சீட்டுகள், செல்லாத சீட்டுகள் அல்ல. பாதியைக் கணக்கிடும்போது மீதமுள்ள 98-ஐ வைத்தே பார்க்க வேண்டும்.

இங்கேதான் வழக்கமான தப்பு நடக்கும். ‘இரண்டாம் விருப்பமும் வாக்குத்தானே’ என்று எல்லாச் சீட்டின் 2-ஐயும் கூட்டிவிடுவார்கள். மண்டபக்காரர்கள் 40 பேரும், தூர்வாரல்காரர்களில் 30 பேரும் படித்துறைக்கு 2 போட்டு, மீதி 5 பேர் மண்டபத்துக்குப் போட்டிருந்தால், படித்துறை 95, தூர்வாரல் 53, மண்டபம் 50. கூட்டினால் 198! நூறு புள்ளி ஊரில் இத்தனை வாக்கு எப்படி வரும்? ஒரு சீட்டு எந்த நேரத்திலும் ஒரு கட்டில் மட்டுமே இருக்க முடியும்.

ஆனாலும் அந்த 95-ஐ ஒதுக்கித் தள்ள முடியாது. படித்துறையை மண்டபத்தோடு மட்டும் நிறுத்தினால் 55-க்கு 45, தூர்வாரலோடு மட்டும் நிறுத்தினால் 65-க்கு 35. இரண்டையும் வெல்லக்கூடியது முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டது. இதை எண்ணியவர் தலையில் போடக்கூடாது, பிழை முறையில் இருக்கிறது. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 2009 மேயர் தேர்தலில் இதே மாதிரி நடந்து, 2010-இல் அந்த ஊர் இந்த முறையையே கைவிட்டது. இதைச் சொல்லாமல் இந்த முறையைப் புகழ்வது நேர்மையல்ல.

நம் நாட்டில் இதன் பெரிய பரீட்சை 1969 குடியரசுத் தலைவர் தேர்தல். வெல்லத் தேவையான வாக்கு மதிப்பு 418,169. வி.வி. கிரிக்கு முதல் விருப்பத்தில் 401,515, நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 313,548. மற்றவர்கள் நீக்கப்பட்டு அடுத்த விருப்பங்கள் வந்து சேர்ந்த பிறகு கிரி 420,077-இல் வென்றார். இலங்கையில் 2024 செப்டம்பரில் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கை தேவைப்பட்டது. 42.31 விழுக்காட்டில் நின்ற அநுர குமார திசாநாயக்க அதில் வென்றார். அங்கே ஒவ்வொருவராக நீக்குவதில்லை. முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே தடவையில் நீக்கிவிடுவார்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்கு இதைக் கொண்டுவர நம் வாக்குப்பதிவு இயந்திரம் உதவாது, ஒருவருக்கு ஒரு பொத்தான் என்ற கணக்கில் செய்தது அது. சாவடி வாரியாகக் கூட்டி அனுப்பவும் இயலாது. ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை சீட்டு என்று தனித்தனியே தெரிய வேண்டும்; நான்கு வேட்பாளர் என்றால் முழு வரிசையே 24 விதம், ஐந்து என்றால் 120. ஊர்ச் சங்கத் தேர்தலுக்குக் காகிதச் சீட்டே போதும். கடைசி இடத்தில் இருவர் சமமானால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே விதியில் எழுதிவைக்க வேண்டும். முந்தைய சுற்றில் குறைவாக வாங்கியவர் நீங்குவார், அப்போதும் சமம் என்றால் திருவுளச் சீட்டு. உத்திரமேரூர்க் குடவோலையும் இந்த வகைதான், பானையிலிருந்து ஓலை எடுக்கும் குலுக்கல். அதை வாக்குப்பதிவு என்று பெருமையடிப்பது தவறு.

மாநிலங்களவைத் தேர்தல் விதியில் எண்ணைப் பற்றி ஒரு சங்கதி உண்டு. இந்திய மொழி எதன் எண்ணுருவிலும் குறிக்கலாம். பழைய பேரேடுகளில் செட்டியார்கள் எழுதிய ௧, ௨, ௩ அங்கே செல்லும். ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதினால் செல்லாது.