கோயில் கோபுரம் தாழும் தூரம்

தேங்காய்பட்டணத்திலிருந்து விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். சொந்தக்கார அண்ணனின் ஃபைபர் வள்ளத்தில், கேட்டுக் கெஞ்சி நானும் ஏறியிருந்தேன். வீட்டுக்கு அனுப்பிய படம் போகாமல் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எஞ்சின் பிடித்திருந்த பெரியவர் கரைப்பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"மக்கா, கோயிலு தாந்துது. இனி ரேஞ்ச் நிக்காது."

நானும் திரும்பிப் பார்த்தேன். தென்னைகள் எப்போதோ மறைந்துவிட்டன. ஊர்க்கோயிலின் உச்சிச் சிலுவை மட்டும் தண்ணீருக்கு மேல் ஒரு குச்சிபோல நின்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் முங்கியது. மலைகள் மட்டும் நீலமாகத் தெரிந்தன. அடுத்த அரை மணி நேரத்துக்குள் போனில் இருந்த ஒற்றைக் கோடும் போய்விட்டது.

பெரியவர் அறிவியல் படித்தவரல்ல. ஆனால் அவர் சொன்னது அப்பட்டமான அறிவியல். கோயில் மறைந்ததற்கும் ரேஞ்ச் போனதற்கும் காரணம் ஒன்றுதான்: பூமியின் வளைவு. நம் கடற்கரையில் கணியம் பார்த்துத் தொழில் செய்தவர்களுக்கு இது கைவந்த கணக்கு. கரையில் கிட்ட இருக்கும் ஒரு கோபுரத்தையும் தூரத்து மலை முகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவார்கள். இன்னொரு திசையில் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கு நேர் கீழே, அவர்கள் தேடும் பாறை. எந்த அடையாளம் எத்தனை தூரத்தில் தாழும் என்று தெரியாமல் இந்த வேலை நடக்காது.

இதை எண்ணில் சொல்வதும் எளிது. ஒரு பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், கடல்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு அது எத்தனை கிலோமீட்டர் வரை தெரியும் என்று வந்துவிடும். பார்ப்பவரின் கண் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். வள்ளத்தில் நிற்பவரின் கண் இரண்டரை மீட்டர் உயரம் என்றால் அவர் பங்கு 5.6 கிலோமீட்டர். 15 மீட்டர் உயரத் தென்னை ஏறக்குறைய 19 கிலோமீட்டரில் முழுதாக மறையும். 35 மீட்டர் கோயில் கோபுரம் 27-இல். குமரிமுனையில் 133 அடிக்கு, அதாவது சுமார் 40 மீட்டருக்கு நிற்கும் வள்ளுவர் சிலைகூட, அது நிற்கும் பாறையின் உயரத்தைச் சேர்க்காவிட்டால், 28 கிலோமீட்டர் தாண்டினால் கடலுக்குள்தான்.

செல்போன் அலையும் ஒளியைப்போல நேர்கோட்டில்தான் போகப் பார்க்கும். காற்றின் அடர்த்தி மேலே போகப்போகக் குறைவதால் கொஞ்சம் கீழே வளையும், அதனால் பெருக்கும் எண் 3.57-க்குப் பதில் 4.12. 40 மீட்டர் டவருக்கும் கையில் பிடித்த போனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் சுமார் 33 கிலோமீட்டர் வரும். கோயில் தாழ்ந்து ஆறு கிலோமீட்டர் கழித்து ரேஞ்ச் போகும். அன்று எனக்கு அப்படியேதான் நடந்தது.

வளைவு ஒன்றுதான் தடை என்றால் டவரை உயர்த்திவிடலாம். பழைய 2ஜி முறையில் இன்னொரு கட்டு இருக்கிறது, அது இன்னும் சுவையானது. ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை விடக் குறைவான நேரம். தூரத்துப் போனின் குரல் தாமதமாக வந்து அடுத்த ஆளின் முறைக்குள் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, "நீ தூரத்தில் இருக்கிறாய், கொஞ்சம் முந்திப் பேசு" என்று டவர் ஒவ்வொரு போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முந்த வேண்டும் என்பதை 0 முதல் 63 வரை படிகளாக வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்கு சுமார் 550 மீட்டர். 63 படி முடிந்தால் 35 கிலோமீட்டர். அதற்கு மேல் முந்தச் சொல்ல டவருக்கு எண்ணே இல்லை. மலை உச்சியில் கொண்டு வைத்தாலும் சாதாரண 2ஜி அங்கே நின்றுவிடும்.

4ஜி-யில் இந்த எல்லை மிக நீளம், ஆனால் போனின் தொண்டை சிறுத்துவிட்டது. 2ஜி போன் 2 வாட் வரை கத்தும். 4ஜி போனுக்கு ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். டவர் பேசுவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது டவருக்குக் கேட்காது. அதோடு டவரின் ஆண்டெனாக்களை ஊர்ப்பக்கம் சற்றுக் கீழே சாய்த்துத்தான் கட்டுகிறார்கள். ஆள் இருக்கும் இடத்துக்குத்தானே சேவை? கடலில் வாடிக்கையாளர் இல்லை என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு தப்பு. இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரை உள்ள தூத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து போகும் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. லட்சத்தீவையும் தாண்டி, 300, 400 கடல்மைல் அவர்களுக்குப் பெரிய தூரமே இல்லை. ஒரு கடல்மைல் 1.85 கிலோமீட்டர். 300 என்றால் 555 கிலோமீட்டர். டவரின் 33 கிலோமீட்டரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2017 நவம்பரில் இந்த இடைவெளியில்தான் ஒக்கிப் புயல் புகுந்தது. 29-ஆம் தேதி முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம் உருவாகிறது. அன்று மாலைக்குள் குமரிக்கடலுக்கு வந்துவிடுகிறது. 30-ஆம் தேதி முற்பகலில் புயல். ஒரு நாளுக்குள் இத்தனையும். கரையில் மரம் விழுந்து, மின்சாரம் போய், நாங்கள் எல்லாம் ஆளுக்கொரு வாட்ஸ்அப் ஒலிப்பதிவைக் கேட்டுப் பதறிக்கொண்டிருந்தபோது, அந்தப் பதற்றத்தில் ஒரு சொல்கூடப் போய்ச் சேர வேண்டியவர்களைச் சேரவில்லை. அவர்கள் அந்த 33 கிலோமீட்டர் கோட்டுக்கு அப்பால் இருந்தார்கள்.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற எச்சரிக்கையை நான் அன்றிலிருந்து வேறு மாதிரிதான் வாசிக்கிறேன். அது கரையில் இருப்பவனுக்கு எழுதிய வாக்கியம். இருபது நாளாகக் கடலில் இருப்பவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. 8 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 8 கடல்மைல் ஓடும் படகு 24 மணி நேரத்தில் 192 கடல்மைல் போகும். 300 கடல்மைலில் நிற்பவன் ஒரு நாள் முன்னால் தகவல் கிடைத்தாலும் கரை சேர முடியாது. அவனுக்குத் தேவை மையம் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை, எந்தப் பக்கம், எந்த வேகத்தில் நகர்கிறது என்பதுதான்.

ஏனென்றால் புயலுக்கு நல்ல பக்கம், கெட்ட பக்கம் உண்டு. நம் அரைக்கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது நகரும் திசையைப் பார்த்து நின்றால், வலப்பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் கூடும். இடப்பக்கத்தில் ஒன்றையொன்று கழிக்கும். ஒக்கி மேற்கு வடமேற்காக லட்சத்தீவை நோக்கிப் போனது; அப்படியானால் வடபக்கம் கடுமை, தென்பக்கம் சற்றுத் தணிவு. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும் என்பது மாலுமிகளின் பழைய விதி. இந்த இரண்டும் தெரிந்தவனிடம் நான்கு எண்களைச் சேர்த்துவிட்டால் போதும், எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை அவன் பார்த்துக்கொள்வான்.

அந்த நான்கு எண்களை எப்படிச் சேர்ப்பது? கடலைத் தொட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் அலை ஒன்று இருக்கிறது. எங்கள் சிறுவயதில் வீட்டில் ஓடிய திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. அதன் ஓர் அலையின் நீளம் சுமார் 250 மீட்டர். செல்போனின் 900 மெகாஹெர்ட்ஸ் அலையோ 33 சென்டிமீட்டர். நீண்ட அலைகள் வளைவைச் சுற்றி இறங்கும், அதிலும் உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தரையை விடக் கடல்மேல் வெகுதூரம் போகும். நாகர்கோவில் வானொலி எங்கள் மாவட்டத்தின் செல்லப்பிள்ளை, ஆனால் 101 மெகாஹெர்ட்ஸ் பண்பலை; மூன்று மீட்டர் அலை. அது செல்போனைப்போலக் கோயிலோடு சேர்ந்து தாழ்கிற சாதி. நாட்டில் பல மத்திய அலை ஒலிபரப்பிகள் பழசென்று மூடப்படும்போது எனக்குச் சங்கடமாக இருப்பது இதனால்தான். சில நூறு ரூபாய் ரேடியோவில், பேட்டரியில், தமிழில், கைவேலையை விடாமல் கேட்கக்கூடிய எச்சரிக்கை அது.

இன்னும் தூரம் போக வேண்டுமானால் மேலேயிருந்துதான் இறங்க வேண்டும். பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோள், பூமி சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால் நமக்கு அசையாமல் நிற்கிறது. இங்கே குமரிக்கு இயற்கை கொடுத்த சலுகை ஒன்று உண்டு. நாம் பூமத்தியரேகைக்கு 8 பாகை வடக்கேதான் இருக்கிறோம். 83 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-6, குமரிக்கடலில் நிற்பவருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். படகு எந்தப் பக்கம் ஆடினாலும் மறைப்பதற்கு மலையும் இல்லை, வளைவும் இல்லை. நார்வே மீனவருக்கு இது வாய்க்காது; அவருக்கு அந்த உயரத்துக் கோள்கள் எல்லாம் அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துதான் தெரியும்.

2015-இல் ஏவிய அந்த ஜிசாட்-6-இல் 6 மீட்டர் அகலத்துக்குக் குடைபோல விரியும் ஆண்டெனா இருக்கிறது. ஏன் அவ்வளவு பெரிது? படகில் இருக்கும் கருவி சிறியது, அதன் குரல் மெல்லியது. 36,000 கிலோமீட்டர் போன பிறகு மிஞ்சும் கிசுகிசுப்பைக் கேட்கப் பெரிய காது வேண்டும். கீழே கருவி சிறியதாக இருக்க வேண்டுமானால் மேலே காது பெரிதாக இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஒக்கிக்குப் பிறகு 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. விமானங்களுக்கு வழிகாட்ட அமைத்த ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் பிடித்து, ப்ளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். போன் அங்கே வெறும் திரைதான், ரேஞ்ச் தேவையில்லை. ஆனால் ஒருவழிப்பாதை. கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி. பொத்தானை அழுத்தினால் பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்துக்குப் போய், செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனவனுக்கு அந்தப் பதில் எத்தனை தெம்பு என்று சொல்லத் தேவையில்லை. 2024-இல் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் திட்டமும் தொடங்கியது. இவை நல்ல வேலைகள், மனதாரச் சொல்கிறேன்.

எனக்கு ஒப்பாத விஷயம், மீனவர் பாதுகாப்பு என்று சொல்லி இணையம் இல்லாமல் ஓடாத செயலிகளை இறக்கிக்கொண்டே இருப்பது. மீன் விலை பார்க்க, மானியத்துக்கு விண்ணப்பிக்க அவை உதவும். எச்சரிக்கைக்கு உதவாது. 33 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை செய்யுமா என்ற ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டால் பாதி செயலிகள் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாப் படகிலும் விண்வெளிக் கருவி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் செட் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு படகிலும் ஆண்டெனா ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 20 கிலோமீட்டர் எட்டும். சுற்றிலும் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆழ்கடல் படகுகள் கூட்டமாகப் போகிறவை. கூட்டத்தில் ஒன்றுக்குச் செய்தி விழுந்தால், அது வயர்லெஸ்ஸில் சொன்னால், கேட்டவர் அடுத்தவருக்குச் சொன்னால், எண்கள் கைமாறிக் கைமாறி வெகுதூரம் போகும். ஆண்டெனாவைக் கூரைக்கு மேலே நல்ல உயரத்தில் கட்டுவதும், பேட்டரியை உப்புத் தண்ணீர் படாமல் வைப்பதும்தான் இதற்கு வேண்டிய முதல் செலவு. பல படகுகளில் ஆண்டெனா வலைக்குவியலுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மூங்கில் கம்பு அதை மேலே தூக்கிவிடும்.

அன்று நாங்கள் சாயங்காலம் திரும்பினோம். மலைகள் மட்டும் தெரிந்தன, கோயில் இன்னும் எழவில்லை. பெரியவர், "இப்ப பாரு" என்றார். சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்து நிற்கவேயில்லை. வீட்டிலிருந்து மூன்று அழைப்புகள், ஒரு கல்யாணப் பத்திரிகை, யாரோ அனுப்பிய காலை வணக்கம். அவற்றுக்கு நடுவே ஒரு குறுஞ்செய்தி: பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். அனுப்பிய நேரம் காலை 9.10. பெரியவரிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் சிலுவை எழுந்தது, பிறகு கோபுரம், பிறகு தென்னை வரிசை. அவர் எஞ்சினைத் தணித்து, அலை பார்த்து, வள்ளத்தை முகத்துவாரத்துக்கு நேராகத் திருப்பினார்.