வெயிலில் கரையும் எழுத்து

கல்லிடைக்குறிச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததிலிருந்து அப்பா தினமும் செல்போனில் பாபநாசம் அணை மட்டத்தைப் பார்க்கிறார். வீட்டுக்குள் தெளிவாக வாசிக்கிறவர், வரப்பில் நிற்கும்போது மட்டும் போனை என்னிடம் நீட்டி, 'எய்யா, எத்தனை அடின்னு போட்டிருக்கான், பாத்துச் சொல்லு' என்கிறார். திரை வெளிச்சத்தை முழுசாகக் கூட்டியும் பயனில்லை. கோளாறு கண்ணிலா, போனிலா?"

கூடவே அந்தப் பக்கத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். அணையின் முழு உயரம் 143 அடி என்பது கொட்டை எழுத்தில், கன்னங்கரேலென்று இருக்கிறது. அது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இன்றைய மட்டம், அதாவது தேடி வந்த விஷயம், அதற்குக் கீழே பொடி எழுத்தில், வெள்ளையின் மேல் வெளிர்சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது எப்போதும் நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள் வாசிக்க முடிகிறவருக்கு வெயிலில் முடியவில்லை என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்தச் சாம்பல் நிறத்தைத்தான்.

நம் கண் வெளிச்சத்தின் அளவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வெளிச்சங்களுக்கு இடையிலான விகிதத்தைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. நட்சத்திரங்கள் பகலிலும் அதே ஒளியோடுதான் இருக்கின்றன. வானத்தின் வெளிச்சம் நட்சத்திரத்தோடும் சேர்கிறது, அதன் பக்கத்து இடத்தோடும் சேர்கிறது. விகிதம் ஒன்றை நெருங்கி, நட்சத்திரம் காணாமல் போகிறது.

வலைத்தளங்களுக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட விதிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதம் வேண்டும் என்கின்றன. நல்ல பார்வைக்கு 3 போதும் என்று எடுத்துக்கொண்டு, பார்வை மங்கிய முதியவர்களுக்காக அதை ஒன்றரை மடங்காக்கியிருக்கிறார்கள். கணக்கு சுலபம். வெள்ளைக்கு 1, கறுப்புக்கு 0 என்று வைத்து, இரண்டோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். வெள்ளையில் கறுப்பு என்றால் 1.05 வகுத்தல் 0.05, அதாவது 21. இதற்கு மேல் போக முடியாது.

அந்த 0.05 எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திரை தானாக வெளியிடும் ஒளி அல்ல அது. சுற்றியுள்ள வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, எழுத்தின் மேலும் பின்னணியின் மேலும் ஒரே அளவில் படர்வதற்கான ஒதுக்கீடு. கறுப்பு எழுத்தும் முழுக் கறுப்பாக நம் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை என்பதை அந்தச் சிறு எண் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அது அறைக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்கான ஒதுக்கீடு.

அதையே வரப்புக்குக் கொண்டுபோவோம். திரையின் வெள்ளை 500 நிட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தருகிறது, வெயிலில் கண்ணாடியிலிருந்து இன்னும் 400 நிட் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.05 இருந்த இடத்தில் இப்போது 400 வகுத்தல் 500, அதாவது 0.8. வெள்ளையில் கறுப்பு எழுத்தின் விகிதம் 21இலிருந்து 2.25க்கு இறங்கிவிடுகிறது. வெளிர்சாம்பல், அதன் ஒளி 0.32 என்றால், வீட்டுக்குள் 2.8, வெளியே 1.6. விதியில் தேறிய சாம்பலும் தப்புவதில்லை: 4.5 வாங்கியது வெயிலில் 1.8தான் வாங்குகிறது.

எழுத்தில் இந்த இழப்பு ஒரே சீராக விழாது என்பது அடுத்த அழகு. நுணுக்கமான பகுதி கண்ணுக்குத் தெரிய, பெரிய பகுதியைவிட அதிக விகிதம் தேவை. ஆகவே முதலில் மறைவது புள்ளி. அப்புறம் சுழி: ண, ன இரண்டையும் பிரித்துக்காட்டுவது அந்த ஒரு சுழிதானே. எழுத்தின் உடல் தெரிந்துகொண்டிருக்கும்போதே அடையாளம் போய்விடுகிறது. தமிழ் எழுத்துக்கு எந்த அளவில், எந்தத் தடிப்பில், எவ்வளவு விகிதம் வேண்டும் என்பதை நம் வெயிலில், நம் பெரியவர்களை வைத்து அளக்க வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கென்று நிதி ஒதுக்கினால் நன்றாக இருக்கும். பெரிய கருவிகள் தேவையில்லை. ஒளிமானி, சில போன்கள், பொறுமையுள்ள மாணவர்கள் போதும்.

அதுவரை, பக்கம் உருவாக்குகிறவர்கள் இன்றைய மட்டத்தைக் கறுப்பில், பெரிதாக, தடித்த எழுத்தில் மேலே வைக்கலாம். 143ஐச் சிறிதாகக் கீழே போடலாம். வெளியிடுவதற்கு முன் ஒரு மதியம் போனோடு வெளியே வந்து பார்க்க வேண்டும்.

கறுப்புப் பின்னணிக்கு மாற்றினால் சரியாகுமா என்றும் வாசகர் கேட்டிருக்கிறார். விகிதக் கணக்கில் வித்தியாசமில்லை, 2.25 அப்படியேதான் இருக்கும். ஆனால் இருண்ட கண்ணாடியில் பார்ப்பவர் முகமும் மேலே உள்ள வானமும் தெளிவாகத் தெரிந்து எழுத்தோடு கலக்கும். வயலில் வெள்ளைப் பின்னணியே இருக்கட்டும். எழுத்தளவை மட்டும் அமைப்புகளில் இரண்டு படி கூட்டிக் கொடுங்கள்.