அணைந்த அடுப்பும் கூடாரத்துக்குள் வேண்டாம்

முதல் தடவை முகாமுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மிருகங்களைப் பற்றித்தான். "ராத்திரி ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது டாக்டர்?" என்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்த வரையில், கூடாரத்திலிருந்து நேராக எங்களிடம் வந்தவர்களில் மிருகம் தாக்கி வந்தவர் ஒருவரும் இல்லை. குளிர் தாங்காமல் வந்தவர்கள் உண்டு. அந்தக் குளிரைப் போக்க ஏதோ செய்யப்போய் வந்தவர்கள் அதைவிட அதிகம்.

ஒரு விடியற்காலை அப்பா, அம்மா, சின்னப் பையன் என்று மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கணக்கு. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால், அதுவும் 98 சதவீதம் என்று சமர்த்தாகக் காட்டியது. ஆனால் யாருக்கும் பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்று பேரும் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். எங்கள் நர்ஸ்தான் கேட்டார்: "ராத்திரி உள்ளே எதையாவது எரிய வைத்தீர்களா?" இல்லவே இல்லை என்றார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "சமைத்து முடித்த கரி அடுப்பை மட்டும் உள்ளே எடுத்து வைத்தோம். அதுதான் அணைந்துவிட்டதே."

அணையவில்லை. கரி தழலாக இருக்கும்போதும், மேலே சாம்பல் பூத்துச் செத்ததுபோல் கிடக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும், மணிக்கணக்கில். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல்கூட வராது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் அந்த 98. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துத் தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்தப் பாதிக்கு வரலாம். அந்த மூவரும் பிழைத்ததற்குக் காரணம், பையன் வாந்தி வந்து எழுந்ததுதான். தூக்கத்தில் இது ஏறினால் பெரும்பாலும் விழிப்பே வராது.

"ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கரி அடுப்புக்கு மட்டுமல்ல, கேஸ் ஸ்டவ், மண்ணெண்ணெய் விளக்கு, எரிவாயு ஹீட்டர் எல்லாவற்றுக்கும் இதேதான். எரிகிற பொருள் எதுவும் கூடாரத்துக்குள் வரக்கூடாது. மழை பெய்தாலும் சரி. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ மயக்கமோ வந்தால், காரணம் தேடிக்கொண்டு உட்காராமல் எல்லோரையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

சரி, அடுப்பை உள்ளே கொண்டுவரும் அளவுக்குக் குளிர்வது ஏன்? பெரும்பாலும் ஆள் படுத்திருக்கும் தரைதான் காரணம். என் முதல் முகாமில் உள்ளே புகுந்து படுக்கும் பருமனான ஸ்லீப்பிங் பேக் வாங்கிய பெருமையில் கீழே விரிக்க ஒரு மெல்லிய விரிப்போடு போனேன். நள்ளிரவுக்கு மேல் முதுகு விறைத்து, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். உடம்பு எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடும். அதற்குள் காற்று நிற்காது. சூடு முழுக்க மண்ணுக்குப் போகும். கையில் இருக்கும் பணத்தில் ஏதாவது ஒன்றைத்தான் நல்லதாக வாங்க முடியும் என்றால், கீழே போடும் 'மேட்' என்ற விரிப்பைத்தான் வாங்கச் சொல்வேன். அதன் மேல் ஆர்-வேல்யூ என்று ஓர் எண் போட்டிருக்கும். எண் கூடக் கூடத் தரைக்குளிர் குறையும்.

ஸ்லீப்பிங் பேக்கிலும் எண்கள் உண்டு, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 'லிமிட்', அதாவது சுருண்டு படுத்துச் சமாளிக்கிற வெப்பநிலை. நீங்கள் பார்க்க வேண்டியது 'கம்ஃபர்ட்', அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. போகிற இடம் மலை என்றால், ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதிகக் குளிர் நள்ளிரவில் அல்ல, சூரியன் உதிக்கிற நேரத்தை ஒட்டி வரும்.

பகலில் வியர்த்த துணியோடு படுக்காதீர்கள். பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது; தூங்குவதற்கென்று ஒரு செட் உலர்ந்த உடை தனியாகப் பையில் இருக்கட்டும். மூடி இறுக்கமான பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் போட்டுக் காலருகே வைத்துப் பாருங்கள், நான் சொன்ன அடுப்பு ஞாபகமே வராது. மது சூடேற்றும் என்பது வெறும் தோல் உணர்வுதான். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்சூடு வெளியேதான் போகிறது.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. பனி விழ வேண்டும் என்றில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால், வெளியே 10 டிகிரி இருக்கும்போதே வரும். நண்பர் பேச்சுக் குழறுகிறார், கை ஜிப்பைப் பிடிக்க மாட்டேன் என்கிறது, நடை தடுமாறுகிறது என்றால் அது களைப்பு இல்லை. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்தினால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். ஈரத்தைக் களைந்து போர்த்தி, தரையிலிருந்து பிரித்துப் படுக்க வைத்து, உடனே உதவிக்கு அழையுங்கள்.

வெளியே மூட்டும் நெருப்பிலும் ஒரு கண்ணி உண்டு. மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் அணைந்துவிட்டது என்று நம்புகிறோம். மண் போர்வை மாதிரி, சூட்டை இரவு முழுக்கக் காப்பாற்றி வைக்கும். காலையில் அந்த இடத்தில் ஓடுவது குழந்தைகள். உள்ளங்கால் வெந்த குழந்தைகளைப் பார்த்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் படுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர். ஐஸும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. காய்ந்த ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் அங்கே கூடாரம் போடாதீர்கள். மழை எங்கோ மேலே பெய்து தண்ணீர் மட்டும் உங்களிடம் வரும். அண்ணாந்து பாருங்கள், பட்ட கிளை இருந்தால் இடத்தை மாற்றுங்கள். இடி கேட்டால் கூடாரம் பாதுகாப்பில்லை, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள். ஓடைத் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்; 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் இருக்கும்போதே, வீட்டுக்கு வெளியே ஓர் இரவு அதே கூடாரத்தில், அதே விரிப்பில் படுத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று விடிவதற்குள் தெரிந்துவிடும், அப்புறம் எழுந்து வீட்டுக்குள் போய்விடலாம். போகும் நாளில் எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்கு மேல் எவ்வளவு நேரம் பொறுத்து யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.