சிறப்பு மால்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள்

வீட்டிலேயே பீர் தயாரிக்கும் ஆர்வத்தோடு என்னிடம் ஆலோசனை கேட்பவர்களில் பெரும்பாலோர், சுவைக்காகவும் நிறத்துக்காகவும் சேர்க்கும் சிறப்பு மால்ட்டை (மால்ட் என்பது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லி) அதன் நிறத்தை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். கறுப்பாக இருந்தால் போதையும் கூடும், சத்தும் கூடும் என்ற எண்ணம் நம்மவர்களிடம் நெடுநாளாக இருந்து வருகிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இரத்தம் ஊறும் என்று சொல்லிக் ஸ்டவுட் என்னும் கறுப்பு பீரை வாங்கிக் கொடுக்கும் வழக்கம்கூட மலேசியாவில் உண்டு. அந்தக் கறுப்பு இரும்புச் சத்தால் வந்ததன்று, தானியத்தை வறுத்த சூட்டால் வந்தது. பாலூட்டும் தாய்க்கு அதைச் சத்துணவாக எண்ணிக் கொடுக்கக் கூடாது. போதையோ, ஈஸ்ட் நொதிக்கவைக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது.

சட்டத்தைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்கீழ் மலேசியாவில் மதுபான உற்பத்திக்கு உரிமம் தேவை. ஆகவே எதையும் தொடங்கும் முன் சுங்கத் துறையிடம் கேட்டுத் தெளிவுபெறுவது அவசியம். இங்கே நான் எழுதுவது, உரிமம் பெற்ற இடங்களில் பயில்பவர்களுக்கும், அனுமதி உள்ள நாடுகளில் படிக்கவோ வேலை செய்யவோ போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

பார்லியை ஊறவைத்து, சில நாள் முளைக்கவிட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் என்சைம்கள்தாம் பிறகு வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. ஆகவே ஒரு மால்ட்டைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, அதன் என்சைம்கள் பிழைத்திருக்கின்றனவா, இல்லையென்றால் அதிலுள்ள மாவுச்சத்து ஏற்கெனவே சர்க்கரையாகிவிட்டதா என்பதுதான். நிறம் இதற்கு விடை சொல்லாது. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்தப்படும் மியூனிக் மால்ட் பொன்னிறத்தைத் தாண்டிய ஆரஞ்சு நிறத்தைத் தந்தாலும், தன் மாவுச்சத்தைத் தானே உடைத்துக்கொள்ளும் அளவுக்கு என்சைம்களை வைத்திருக்கிறது. அதைவிடச் சற்றே கருத்த பிஸ்கட் மால்ட்டில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது, ஆனால் அதை உடைக்கும் ஆற்றல் அதனிடம் இல்லை. என்சைம் நிறைந்த வெளிர்நிற அடிப்படை மால்ட்டோடு சேர்த்து 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்தால்தான் பயன். தனியே ஊறவைத்தால் கஞ்சித் தண்ணீர்தான் மிஞ்சும்.

கிறிஸ்டல் மால்ட்டின் கதை வேறு. முளைத்த பார்லியை ஈரத்தோடேயே சூடாக்குவதால் உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. பிறகு வறுக்கும்போது அது கண்ணாடிபோல் இறுகுகிறது. என்சைம் தேவையில்லாததால் துணிப்பையில் கட்டி 65 முதல் 75 டிகிரி நீரில் இருபது, முப்பது நிமிடம் ஊறவைத்தாலே நிறமும் இனிப்பும் இறங்கிவிடும். பையைப் பிழிந்து கடைசிச் சொட்டுவரை எடுப்பதையும், நீரைக் கொதிக்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும். உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். ஐந்து கிலோ தானியம் சேரும் 20 லிட்டர் பீருக்கு 250 முதல் 500 கிராம் கிறிஸ்டல் போதுமானது. அதற்கு மேல் போனால், ஈஸ்ட் உண்ண முடியாத சர்க்கரை தங்கி, பீர் திகட்டும்.

மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணில் ஏமாறுபவர்கள் அதிகம். அமெரிக்கச் செய்முறைகள் நிறத்தை லோவிபாண்ட் அளவில் சொல்கின்றன. ஜெர்மனி, பெல்ஜியம் மூட்டைகளில் இ.பி.சி. அளவு இருக்கும். இரண்டாவது ஏறத்தாழ முதலாவதைப் போல் இரண்டு மடங்கு. செய்முறையில் 60 லோவிபாண்ட் கிறிஸ்டல் என்றிருந்தால் 120 இ.பி.சி.க்கு அருகிலுள்ளதைத் தேட வேண்டும், 60 இ.பி.சி. என்று எழுதியதை வாங்கி வந்தால், எதிர்பார்த்த உலர்திராட்சை மணத்துக்குப் பதிலாக மெல்லிய தேன் இனிப்புதான் வரும். நம் கடைகளில் பல நாட்டு மூட்டைகளும் அருகருகே நிற்பதால் இதைக் கவனிப்பது இங்கே கூடுதல் முக்கியம்.

கறுப்பு மால்ட் பிறந்ததே நிறத்துக்காகத்தான். 1817இல் இங்கிலாந்தில் டேனியல் வீலர் உருளை வறுப்பானுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, வெளிர் மால்ட்டோடு மிகச் சிறிதளவு கறுப்பு மால்ட்டைக் கலந்தே போர்ட்டர் பீருக்கு நிறமேற்ற முடிந்தது. சாக்லேட் மால்ட்டும் அதே குடும்பம். அதில் சாக்லேட் எதுவும் கிடையாது. ஸ்டவுட்டில் சேரும் வறுத்த பார்லி முளைக்கவைக்கப்படாத தானியம். இவை எல்லாம் புளிப்புத் தன்மை உடையவை. லண்டன், டப்ளின் நகரங்களின் நீரிலுள்ள காரத்தன்மை அந்தப் புளிப்பை ஈடுசெய்தது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீர், மென்மையானது, காரத்தன்மை குறைந்தது. எனவே வெளிநாட்டு ஸ்டவுட் செய்முறையை அப்படியே பின்பற்றினால் தானியம் ஊறும் வெந்நீரின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.2க்குக் கீழே இறங்கி, நாக்கில் கரிச்சுவை ஏறும். பி.எச். அளந்து ஆப்ப சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கலாம். எனக்கு உகந்தது, வறுத்த தானியத்தை, வெந்நீரில் ஊறவைக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் சேர்ப்பது. குளிர்ந்த நீரில் இரவு முழுதும் ஊறவைக்கும் முறையும் நல்லதுதான், ஆனால் நம் ஊரில் அதைக் குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே செய்ய வேண்டும். தானியத்தின் உமியில் இயல்பாகவே லாக்டிக் பாக்டீரியா உண்டு. 30 டிகிரி அடுப்படியில் ஓர் இரவு போதும், புளித்துவிடும். எப்படி ஊறவைத்தாலும் அந்தச் சாற்றைக் கொதிக்கவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் எச்சரிப்பது ஈரத்தைப் பற்றி. பார்லி இங்கே விளைவதில்லை. கடல் கடந்து வரும் மால்ட், வரும்போது ஏறத்தாழ 4, 5 விழுக்காடு ஈரத்தோடுதான் இருக்கும். நம் காற்றில் திறந்து வைத்தால் அது விரைவாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சோதிக்கக் கருவி வேண்டியதில்லை: கடையிலேயே நாலைந்து மணிகளை மென்று பாருங்கள். கிறிஸ்டல் நறுக்கென்று உடைய வேண்டும். நமுத்துப்போன முறுக்குபோல் இழுத்தால் வாங்காதீர்கள். அரைத்த மால்ட்டைச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், முழு மணியாகச் சிறிதளவே வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்து, தேவைப்படும் நாளில் உமி தூளாகாமல் உடைத்துக்கொள்வது நல்லது. உடைக்கும்போது எழும் தூசி ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது; முகக்கவசம் அணியுங்கள்.

வண்டு விழுந்த மால்ட்டைச் சலித்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பூஞ்சணம் பிடித்ததைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை: பூஞ்சை விடும் நச்சுகளில் பல, கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. பாதி மூட்டை நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், முழு மூட்டையையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.