ரூட்டுக்கு வந்த மெயிலை யார் படிக்கிறது?

போன மாசம் ஒருத்தர் லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தார். "சார், நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, காலைல பூட்டே ஆகல"ன்னார். ஹார்ட் டிஸ்க் கிட்டத்தட்ட போயிருச்சு. யூஎஸ்பில பூட் பண்ணி, எடுக்க முடிஞ்சதை எல்லாம் காப்பி பண்ணிட்டு இருக்கும்போது வார் டைரக்டரிக்குள்ள மெயில்னு இருக்கிற இடத்துல ரூட்ங்கிற பேர்ல (சிஸ்டத்தோட அட்மின் அக்கவுண்ட் பேர் அது) ஒரு ஃபைல் கண்ணுல பட்டுச்சு. திறந்து பாத்தா, டிஸ்க் நல்லா இருக்கான்னு கண்காணிக்கிற ஸ்மார்ட்டிங்கிற புரோகிராம் அனுப்பின மெயில். "டிஸ்க்ல 8 செக்டரைப் படிக்க முடியல"ன்னு சொல்லுது. தேதியப் பாத்தா நாலு மாசம் முன்னாடி. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு, ஒவ்வொண்ணும் முந்தினதை விட மோசம்.

அவர்கிட்ட காட்டினேன். "எனக்கு ஒண்ணும் வரலையே சார், ஜிமெயில் தினமும் பாக்கறேனே"ன்னு சொல்றார். அவர் சொல்றதும் நியாயம்தான், மெஷினுக்குள்ள மெயில் சர்வர் ஒண்ணு ஓடுதுன்னே அவருக்குத் தெரியாது, நிறைய பேருக்குத் தெரியாது, அதனாலதான் இதை எழுதறேன்.

யூனிக்ஸ் காலத்துல ஒரே மெஷினை பல பேர் ஷேர் பண்ணாங்க, ஒருத்தருக்கொருத்தர் மெயில் போட்டா அது அந்த மெஷினுக்குள்ளயே டெலிவரி ஆகும். பெர்க்லில எரிக் ஆல்மன் எழுதின சென்ட்மெயில்ங்கிற மெயில் சர்வர் அந்தக் காலத்து சாமான், மெஷினுக்கு மெஷின் மெயில் அனுப்பற விதிமுறையான எஸ்எம்டிபி வந்ததே 1982ல. அப்புறம் இதே வேலைக்கு கேம்பிரிட்ஜ்ல ஃபிலிப் ஹேசல் எக்ஸிம் எழுதினார், ஐபிஎம்ல இருந்தப்ப வீட்ஸ வெனிமா போஸ்ட்ஃபிக்ஸ் எழுதினார். ஆனா குறிச்ச நேரத்துக்கு வேலைய ஓட்டற கிரான், ஸ்மார்ட்டி, பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டற ரெய்டைப் பாத்துக்கற எம்டிஅட்மின் மாதிரி பேக்கிரவுண்ட்ல ஓடுற ஆளுங்க எல்லாம் இன்னிக்கும் பிரச்சனைன்னா சென்ட்மெயில்ங்கிற பேர்லதான் கூப்பிடுவாங்க, உள்ள இருக்கறது போஸ்ட்ஃபிக்ஸா இருந்தாலும் அந்தப் பேர்ல ஒரு ஃபைல் வெச்சிருப்பாங்க. ரூட் பவர்ல கமாண்ட் ஓட்டற சூடோல பர்மிஷன் இல்லாம ஏதாவது ட்ரை பண்ணா "இந்தச் சம்பவம் ரிப்போர்ட் செய்யப்படும்"னு ரொம்ப வருஷமா மிரட்டிட்டு இருந்துச்சு இல்லையா, அந்த ரிப்போர்ட் மெயிலும் இதே வழியா அதே ரூட் பெட்டிக்குத்தான் போகும். போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் போகல, பயப்படாதீங்க.

இப்ப பல சிஸ்டம்ல இந்த மெயில் சர்வரை டிஃபால்ட்டா குடுக்கறதில்ல. ஃபெடோரா 2013ல வந்த 20வது வெர்ஷன்லயே சென்ட்மெயிலைத் தூக்கிட்டாங்க. ஃப்ரீபிஎஸ்டி 14ல அதுக்குப் பதிலா டிஎம்ஏன்னு குட்டியா ஒண்ணு, வெளிய இருந்து வர்ற மெயிலை வாங்கவே வாங்காது. மேக்ல 2003லேர்ந்து போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளயே இருக்கு. விண்டோஸ் டெஸ்க்டாப்ல இந்தப் பழக்கமே இல்ல. உபுண்டு டெஸ்க்டாப்லயும் முதல்ல இருக்காது, ஆனா நீங்க வேற ஏதோ பேக்கேஜ் போடப்போக கூடவே போஸ்ட்ஃபிக்ஸும் ஒட்டிக்கிட்டு வந்துரும், அப்ப ஊதா கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்து எந்த மாதிரி கான்ஃபிகரேஷன் வேணும்னு கேக்கும். நம்ம ஆளுங்க அதைப் படிக்கறதில்ல, எண்டர் தட்டிட்டுப் போயிடறாங்க. அங்க ஏற்கெனவே செலக்ட் ஆகி இருக்கறது "இன்டர்நெட் சைட்". அதுக்கு என்ன அர்த்தம்னா, உங்க லேப்டாப் எந்த நெட்வொர்க்ல இருக்கோ அதுல மெயிலுக்கான வாசலான 25ம் நம்பர் போர்ட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு மெயில் வருமான்னு காத்துட்டு இருக்கும். கண்டவன் மெயிலை வாங்கி வெளிய அனுப்புற ஓபன் ரிலே எல்லாம் இல்ல, அந்த அளவுக்கு டிஃபால்ட் செட்டிங் மோசமில்ல. ஆனா பொது வைஃபைல உக்காந்திருக்கிற லேப்டாப்புக்கு எதுக்கு இந்த வேலை? அங்க "லோக்கல் ஒன்லி"ன்னு குடுத்திருந்தா லூப்பேக்ல, அதாவது அதே மெஷினுக்குள்ளேர்ந்து வர்றதை மட்டும் கேக்கும், முடிஞ்சது.

லோக்கல்ஹோஸ்ட்ல, அதாவது அந்த லூப்பேக்ல மட்டும்தானே கேக்குதுன்னு அப்டேட்டை விட்டுராதீங்க. 2019 ஜூன்ல எக்ஸிம்ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, 4.87லேர்ந்து 4.91 வரைக்கும் பாதிப்பு. மெஷின்ல சாதாரண யூசர் அக்கவுண்ட் இருக்கிறவன் உடனே ரூட் ஆகிடலாம், அதுக்கு வெளி நெட்வொர்க்கே தேவையில்ல. டிஃபால்ட் செட்டிங்ல வெளியிலேர்ந்து பண்ணணும்னா கனெக்ஷனை 7 நாள் திறந்தே வெச்சுக்கிட்டு சில நிமிஷத்துக்கு ஒரு பைட்னு அனுப்பிட்டே இருக்கணும்னு கண்டுபிடிச்சவங்க எழுதியிருந்தாங்க, என்ன பொறுமை பாருங்க.

அப்ப மெயில் சர்வரையே தூக்கிப் போட்டுட்டா போச்சுன்னு சொல்ற குரூப் ஒண்ணு இருக்கு, நானும் கொஞ்ச நாள் அதுலதான் இருந்தேன். டெபியன் மாதிரி சிஸ்டத்துல எடுத்துட்டீங்கன்னா, கிரான் ஜாப் ஏதாவது எரர் குடுத்தா லாக்ல ஒரே ஒரு வரி வரும், மெயில் அனுப்ப ஆள் இல்ல, அவுட்புட்டைத் தூக்கிப் போடறேன்னு. உங்க பேக்கப் ஸ்க்ரிப்ட் தினமும் ஃபெயில் ஆகிட்டு இருக்கும், ஆனா ஏன் ஃபெயில் ஆச்சுங்கறது அந்தத் தூக்கிப்போட்ட அவுட்புட்லதான் இருந்திருக்கும். திறந்த போர்ட்டால வம்புல மாட்டினவங்களை விட, வந்த எச்சரிக்கையப் பாக்காம டேட்டாவை விட்டவங்களைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்.

இன்னிக்கே பாக்கணும்னா, முதல்ல எஸ்எஸ் கமாண்ட் அடிச்சு 25ம் போர்ட்ல யார் உக்காந்திருக்காங்கன்னு பாருங்க. பக்கத்துல 127.0.0.1 இருந்தா சரி, நாலு சைபர் வந்தா போஸ்ட்ஃபிக்ஸ் கான்ஃபிக்ல இனெட் இன்டர்ஃபேஸஸ்ங்கிற வரிய லூப்பேக் ஒன்லின்னு மாத்திட்டு ரீஸ்டார்ட் குடுங்க. அப்புறம் ரூட் பெட்டியத் திறந்து படிங்க, சிலருக்கு அதுல வருஷக் கணக்கா மெயில் சேர்ந்திருக்கும். டெர்மினல் திறக்கும்போது "உங்களுக்கு மெயில் இருக்கு"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வருதே, அது அலங்காரத்துக்கு இல்ல.

அடுத்தது, ரூட்டுக்கு வர்றதை நீங்க பாக்கிற இடத்துக்குத் திருப்பி விடணும். ஈடிசி டைரக்டரில ஏலியஸஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல ரூட்னு போட்டு கோலன், அப்புறம் உங்க நிஜ மெயில் ஐடி, சேவ் பண்ணிட்டு நியூஏலியஸஸ் ஓட்டணும், இதை மறந்துட்டு வேலை செய்யலன்னு புலம்புறவங்க நிறைய. ஆனா வீட்டு கனெக்ஷன்லேர்ந்து நேரா மெயில் அனுப்பினா போய்ச் சேராது, நெட் கனெக்ஷன் குடுக்கற பல ஐஎஸ்பிங்க 25ம் போர்ட்டை வெளிய விடறதில்ல, விட்டாலும் வீட்டு ஐபின்னா எதிர்ப்பக்கம் வாங்காது. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் க்யூல வெச்சு திரும்பத் திரும்ப முட்டிப் பாத்துட்டு கைவிட்டுரும். அதனால உங்க மெயில் கம்பெனியோட சர்வரை 587 போர்ட்ல ரிலேவா, அதாவது உங்க மெயிலை வாங்கி அனுப்பி வைக்கிற ஆளா குடுங்க, பாஸ்வேர்டு உங்க மெயின் பாஸ்வேர்டா இருக்கவேண்டாம், ஆப் பாஸ்வேர்டு தனியா எடுத்துக்கோங்க. இவ்ளோ பெரிய சர்வர் எதுக்குன்னு தோணினா நல்மெயிலரோ எம்எஸ்எம்டிபியோ போதும், ரெண்டும் எந்த போர்ட்டையும் திறக்காது, அனுப்ப மட்டும்தான் செய்யும், டெஸ்க்டாப்புக்கு நான் சிபாரிசு பண்றது இதுல ஒண்ணுதான்.

அந்த டெஸ்க்டாப்காரருக்குப் புது டிஸ்க் போட்டு இதையெல்லாம் செட் பண்ணிட்டு ரூட்டுக்கு ஒரு டெஸ்ட் மெயில் போட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு, இன்பாக்ஸ்ல வரல, லாக்ல பாத்தா அனுப்பியாச்சுன்னு இருக்கு. "ஸ்பேம்ல பாருங்க"ன்னேன். அங்கதான் கிடந்துச்சு.