கூட்டுறவுக் கடையில் நனிசைவ உணவைத் தேடும்போது

புரட்டாசி பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் கிளினிக்குக்கு 57 வயது அம்மாள் ஒருவர் வந்தார். செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றவர். பத்தாண்டுகளுக்கும் மேலாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருபவர். இறைச்சியையும் மீனையும் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் ஒதுக்கியபோது அவரும் மகளோடு சேர்ந்து அவற்றை விட்டுவிட்டார். "மிஸ், நான் பால தொட்டு மூணு வருசமாச்சு" என்று உறுதியாகச் சொன்னார். வரும் வழியில் கூட்டுறவுக் கடையில் வாங்கிய சாமான்கள் அவர் கையில் இருந்தன. அவற்றை மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லி, இருவருமாக ஒவ்வொரு பொட்டலத்தின் பின்புறத்தையும் படித்தோம்.

ஏழு பொருள்கள் இருந்தன. சோயா உருண்டையிலும் மீஹூனிலும் சிக்கல் இல்லை. தேங்காய்ப்பால் பொடி, கோப்பியில் கலக்கும் கிரீமர், மார்ஜரின், ரொட்டி, சர்க்கரையும் கிரீமரும் சேர்ந்த கோப்பித்தூள் ஆகிய ஐந்திலும் ஏதோவொரு வடிவில் பால் இருந்தது. அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. அவருடைய மன உறுதியில் எந்தக் குறையும் இல்லை என்று அன்று அவரிடம் சொன்னதை இங்கும் சொல்கிறேன். பால் என்ற சொல் பெரிய எழுத்தில் இல்லாத இடங்களில் அது எந்தப் பெயரில் இருக்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

நம்மிடையே சைவம் என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாத உணவு. பாலும் நெய்யும் அதற்குள் அடங்கும், கோயில் பிரசாதத்திலும் உண்டு. வீகன் என்று இளையவர்கள் சொல்வதும், நனிசைவம் என்று தமிழில் எழுதப்படுவதும் பால், நெய், தேன் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாத உணவையே குறிக்கின்றன. இந்த வேறுபாடு தெரியாமல் கடைக்காரரிடம் "இது சைவமா?" என்று கேட்டால், அவரும் நேர்மையாகவே "ஆமாம்" என்பார். எனவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். பால் இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, தேன் இருக்கிறதா என்று பொட்டலத்திடமே கேட்பது இன்னும் நல்லது.

மலேசியாவில் 1985ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குமுறைகளின்படி, பொட்டல உணவில் சேர்ந்த பொருள்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும். உள்நாட்டுத் தயாரிப்பில் அது மலாய்மொழியில் 'ரமுவான்' என்ற தலைப்பில் இருக்கும். இறக்குமதிப் பொருளில் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கவும் கூடும். அந்த வரியில் 'சூசு', 'தெலுர்', 'மாடு' (madu) ஆகியவை முறையே பால், முட்டை, தேன் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். 'பெப்பெஜால் சூசு' என்றால் பாலின் திடப்பொருள், 'செர்புக் வே' என்றால் பால் திரிந்தபின் மிஞ்சும் நீரின் பொடி, 'லக்தோசா' என்றால் பாலின் சர்க்கரை, 'காசெய்ன்' அல்லது 'காசெய்னாட்' என்றால் பாலின் புரதம் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பாலும் முட்டையும் மீனும் ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் அவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றும் அதே ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஆகவே பட்டியலின் அடியில், பெரும்பாலும் தடித்த எழுத்தில், 'மெங்காண்டுங்கி' என்று தொடங்கும் வரியை முதலில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தேங்காய்ப்பால் பொடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த அம்மாளுக்கு மிகவும் வலித்தது அதுதான். தேங்காய்ப்பாலில் கொழுப்பு மிகுதி. அதைக் காயவைத்துப் பொடியாக்கும்போது கொழுப்பு கட்டிதட்டாமல் இருக்கவும், வெந்நீரில் போட்டவுடன் மீண்டும் பாலாகக் கரையவும், கொழுப்புத் துளிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் தேவை. அந்த வேலைக்குப் பல தயாரிப்பாளர்கள் சோடியம் கேசினேட்டைச் சேர்க்கிறார்கள். அது மேலே சொன்ன 'காசெய்னாட்' வகை, பசும்பாலின் புரதம். எல்லா நிறுவனங்களின் பொடியிலும் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிக்காமல் வாங்கக் கூடாது. கோப்பி கிரீமரிலும் இதே கதைதான். 'புக்கான் தெனுசு', அதாவது பால்பொருள் அல்லாதது என்று முன்புறத்தில் அச்சிட்டிருந்தாலும், பின்புறத்தில் கேசினேட் இருப்பது வழக்கம். டின்னில் வரும் இனிப்புக் கிரீமரோ செம்பனை எண்ணெயும் பாலின் திடப்பொருளும் சேர்ந்த கலவை. தேங்காய்ப்பாலுக்குச் சந்தையில் கண்முன்னே துருவிப் பிழிந்து தருவதை வாங்கலாம். கோப்பிக்கடையில் பால் கலக்காத 'கோப்பி ஓ', 'தே ஓ' என்று கேட்கலாம்.

முத்திரைகளை நம்பி ஏமாறுவோரையும் அடிக்கடி பார்க்கிறேன். ஹலால் முத்திரை பாலைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதன் நோக்கமே வேறு. இந்தியாவிலிருந்து வரும் பொருள்களில் பச்சைச் சதுரத்துக்குள் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்தைக் குறிக்கும். நெய் டப்பாவிலும் பால்கோவாவிலும் அந்தப் புள்ளி இருக்கும். நனிசைவ உணவுக்கு இந்திய அரசு 2022இல் தனி விதிகளை வகுத்து, பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் இலையும் கொண்ட முத்திரையை அறிமுகப்படுத்தியது. அதையும் பச்சைப் புள்ளியையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளக் கூடாது. குளிர்பெட்டியில் சீனச் சைவ முத்திரையோடு இருக்கும் போலி இறைச்சி, போலி மீன் வகைகளில் வெங்காயமும் பூண்டும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ஒட்டிப் பிடிப்பதற்காக முட்டையின் வெள்ளைக்கருவோ பால் புரதமோ சேர்ந்திருக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாலுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நனிசைவ முத்திரையை மட்டும் நம்பிப் பொருள் வாங்காதீர்கள். அதே இயந்திரத்தில் பால்பொருளும் தயாரானால் சிறு சுவடு கலந்திருக்க வாய்ப்புண்டு. ஒவ்வாமை இல்லாமல் கொள்கைக்காகப் பாலைத் தவிர்ப்பவர்கள் 'பால் சுவடு இருக்கக்கூடும்' என்ற வரியைக் கண்டு பொருளைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பட்டியலில் சேர்க்கைப் பொருள்களைக் குறிக்கும் எண்களில் 120 என்பது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம், 901 தேன்மெழுகு, 904 அரக்கு. இம்மூன்றும் மிட்டாய்களில் வரும். எண்ணெயும் நீரும் பிரியாமல் கலக்கச் சேர்க்கும் 471 செம்பனையிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பட்டியலைப் பார்த்து அதைப் பிரித்தறிய இயலாது. தயாரிப்பாளரின் தொலைபேசி எண் பொட்டலத்தில் இருந்தால் கேட்கலாம். அதற்காக உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெலாச்சான் எனும் இறால் விழுதும் நெத்திலித்தூளும் கலந்த சம்பல்களே நம் வீடுகளில் இதைவிட அடிக்கடி நுழைகின்றன. அதேபோல், 'இறைச்சிக் கறித்தூள்' என்ற பெயரைக் கண்டு ஒதுங்குவோரும் உண்டு. அது இறைச்சி சமைப்பதற்கான மசாலா, அதில் பெரும்பாலும் மல்லி, மிளகாய், சோம்பு போன்றவையே இருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா கடையில என்னதான் வாங்குறது மிஸ்?" என்றார் அந்த அம்மாள். மறுவாரம் அவரோடு கூட்டுறவுக் கடைக்கே நடந்து போனேன். பொட்டலங்கள் அடுக்கிய நடுவரிசையை விட்டுவிட்டு, சாக்குகள் திறந்து வைத்திருக்கும் பின்பக்கச் சுவரோரம் அழைத்துச் சென்றேன். மைசூர்ப் பருப்பு, துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, நிலக்கடலை, எள் எல்லாம் அங்கே இருந்தன. எதிலும் படிக்க வேண்டிய சிறு எழுத்து எதுவும் இல்லை. காய்கறித் தட்டுக்குப் பக்கத்தில் தவுக்கை எனும் சோயாக்கட்டியும், சோயாவை நொதிக்கவைத்து இலையில் பொதிந்த தெம்பேயும் இருந்தன. வீகன் என்று எழுதிய விலையுயர்ந்த பொட்டலத்தைத் தேடிப் பலர் ஈப்போ வரை போகிறார்கள். தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் மாதக் கணக்கில் பற்று எழுதி வாங்கிய பருப்பும் பயறும்தான் இந்த உணவுமுறையின் அடித்தளம்.

ஆனால் அளவு முக்கியம். வேகாத பருப்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 முதல் 24 கிராம் புரதம் உண்டு. வெந்தபின் நீர் ஏறிவிடுவதால் அதே எடையில் 8 அல்லது 9 கிராம்தான். நாம் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எத்தனை பருப்பு வருகிறது? அந்த அம்மாள் நால்வருக்கு அரைக் கோப்பைப் பருப்பு போட்டுச் சாம்பார் வைப்பதாகச் சொன்னார். அது குழம்பு, புரத உணவாக அதைக் கணக்கிட முடியாது. கெட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு கோப்பை, அல்லது உள்ளங்கை அளவு தெம்பே என்று ஒவ்வொரு வேளைக்கும் வைக்கச் சொன்னேன். தெம்பேயில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் புரதம் இருக்கிறது. எண்ணெயில் முழுகப் பொரிக்காமல் மஞ்சளும் உப்பும் தடவித் தோசைக்கல்லில் வாட்டினால் போதும். அரிசி, பாதாம் ஆகியவற்றின் 'பால்' எனப்படும் பானங்களில் புரதம் மிகக் குறைவு. சோயா பானம் வாங்கினால் சத்து அட்டவணையில் புரதம், கால்சியம், சர்க்கரை ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். மீனை விட்டவர்கள் அயோடின் சேர்த்த உப்பை வாங்க வேண்டும். கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டு, தேநீரை உணவோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடித்தால் இரும்புச்சத்து கூடுதலாக உடலில் சேரும்.

கடையின் எந்தச் சாக்கிலும் கிடைக்காத ஒரு சத்து உண்டு. அதுதான் வைட்டமின் பி12. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இந்தச் சத்து நமக்கு விலங்குணவு வழியாகவே வருகிறது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. தெம்பேயில் இருப்பது நிலையானதன்று. சுருள்பாசி மாத்திரையில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். கல்லீரல் பல ஆண்டுகளுக்குத் தேவையானதைச் சேமித்து வைத்திருப்பதால், பாலை விட்டவுடன் எந்தக் குறையும் தெரியாது. அதனாலேயே "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். பிறகு களைப்பு, நாக்கில் புண், மறதி, பாதத்தில் மதமதப்பு என்று மெல்லத் தொடங்கும். கீரையும் பருப்பும் மிகுதியாக உண்பவருக்கு ஃபோலேட் சத்து நிறைந்திருப்பதால் இரத்தச்சோகை வெளிப்படாமலே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மெட்ஃபார்மினை நீண்டகாலம் உட்கொண்டால் குடல் பி12ஐ ஈர்க்கும் திறன் குறையக்கூடும். நீரிழிவுள்ளவருக்குப் பாதம் எரிந்தாலோ மரத்தாலோ சர்க்கரைதான் காரணம் என்று நோயாளியும் குடும்பத்தாரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த அம்மாளும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று ஓராண்டாகச் சொல்லிவந்திருக்கிறார். பாலைவிட்டு மூன்றாண்டு, மெட்ஃபார்மின் பத்தாண்டு என்று இரண்டையும் சேர்த்து மருத்துவரிடம் எழுதி அனுப்பினேன். இரத்தத்தில் பி12 மிகக் குறைந்திருந்தது; ஊசி போடத் தொடங்கினார்கள். பால் குடிக்கச் சொல்லி நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவருடைய முடிவை மதித்தே இதைச் சரிசெய்ய முடியும். ஒரு நாளுக்குத் தேவை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பெரியவர்களுக்கு 2.4 மைக்ரோகிராம். மாத்திரையிலிருந்து சிறு பங்கே உடலில் சேர்வதால், குறைபாடு இல்லாத நனிசைவருக்கு நாள்தோறும் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் என்பது பொதுவான பரிந்துரை. குறைபாடு உள்ளவரும் கர்ப்பிணியும் இதைத் தாமே தீர்மானிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாங்கும்போது மாத்திரையா, கேப்சூல் எனப்படும் உறையிட்ட குளிகையா என்றும் பாருங்கள்; குளிகையின் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது விலங்கின் எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கப்படுவது.

பேரங்காடிகளில் நாம் வாடிக்கையாளர் மட்டுமே. கூட்டுறவுக் கடையில் பங்கு வைத்திருப்பவர் அதன் உரிமையாளர்களில் ஒருவர். பங்கு எத்தனை இருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குத்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால்மரம் சீவிய நம் மக்கள்தான் தங்கள் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அப்படிப்பட்ட மக்களின் பிள்ளைகள் ஒரு கடையில் நல்ல சோயா பானம் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கடை மேலாளரிடம் நான் பேசியபோது, கேட்பவர் பத்துப் பேராவது இருந்தால் தருவித்து வைப்பதில் தமக்குத் தடையில்லை என்றார்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அந்த அம்மாள் போகப்போகிறார். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கால்சியமும் பி12உம் சேர்த்த, சர்க்கரை சேர்க்காத சோயா பானம், பால் புரதம் இல்லாத தேங்காய்ப்பால் பொடி, பால்பொடி சேர்க்காத ரொட்டி, வாரத்தில் இரண்டு நாளாவது புதிய தெம்பே. தாளின் அடியில் ஐந்தாவதாக ஒன்றை அவரே தம் கையால் சேர்த்திருந்தார். பொட்டலத்தின் சிறு எழுத்தைப் படிக்க, தட்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி வைக்க வேண்டுமாம்.